வீட்டில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் மேசை: எர்த்தில் தொடங்கி ஈயம் வரை

எலக்ட்ரானிக்ஸ் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு ஆரம்பிக்கிற பிள்ளைகள் பலரும் முதல் வாரமே ஈயம் வைக்கிற சால்டரிங் அயர்ன், வோல்ட்டும் கரண்டும் அளக்கிற மல்டிமீட்டர், புரோகிராம் எழுதி ஓட்டுகிற ஒரு ஆர்டுயினோ போர்டு எல்லாம் வாங்கிவிடுகிறார்கள். மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் அத்தனையும் ஜவுளிக்கடைக் கட்டைப்பை ஒன்றுக்குள் போய் பீரோ மேலே இருக்கும். பையனுக்கு ஆர்வம் போய்விட்டது என்று வீட்டில் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஹால் தரையில் உட்கார்ந்து கடை விரித்து, பாதி வேலை நடக்கும்போது சாப்பாட்டு நேரம் வந்து, எல்லாவற்றையும் அள்ளிப் பைக்குள் போட்டு, மறுநாள் மறுபடி விரிக்கும்போது ஒரு ஸ்குரூவைக் காணாமல் தேடினால் யாருக்குத்தான் மனம் வரும்? பாதி வேலையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போக ஓர் இடம் வேண்டும். அந்த இடம் அமைந்துவிட்டால் கை தானாகப் பழகும்.

அதனால் இந்தக் கட்டுரையில் கருவிகளைக் கடைசியில்தான் சொல்லப் போகிறேன். முதலில் இடம், மேசை, மின்சாரம், வெளிச்சம். மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கிற வீடுகளை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

இடமும் மேசையும்

தனி அறை தேவையில்லை. நான்கு அடி நீளம், இரண்டு அடி அகலம் போதும். மாடிப்படிக்குக் கீழே, படுக்கையறை ஜன்னல் ஓரம், வராண்டாவைக் கம்பி போட்டு அடைத்த பகுதி, எதுவானாலும் சரி. மொட்டை மாடித் தகரக் கொட்டகை மட்டும் வேண்டாம். இடம் சும்மாதானே கிடக்கிறது என்று பலர் அங்கேதான் முதலில் போகிறார்கள், ஆனால் சித்திரை, வைகாசி வெயிலில் தகரத்துக்குக் கீழே மனிதன் உட்கார முடியாது, பொருள்களும் தாங்காது. மின்சாரத்தைச் சேமித்து வைக்கிற எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள் வெப்பம் 10 டிகிரி கூடும்போது ஏறக்குறைய பாதியாகும் என்பது பொதுக்கணக்கு. ஈயக் கம்பிக்குள் இருக்கும், ஈயம் ஒட்ட உதவுகிற ஃப்ளக்ஸ் என்ற பிசின், இன்சுலேஷன் டேப்பின் பசை, பேட்டரிகள் எல்லாமே அந்தச் சூட்டில் கெடும். வீட்டுக்குள்ளேயும் மேற்குச் சுவரைத் தவிர்த்தால் நல்லது. மாலை ஆறு மணி வரை வெயில் அடிக்கிற சுவர் ராத்திரி பத்து மணி வரை சூட்டை உள்ளே விட்டுக்கொண்டே இருக்கும், நமக்கோ வேலை செய்ய நேரம் கிடைப்பதே ராத்திரியில்தான். வடக்கு அல்லது கிழக்கு ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள். குளியலறைச் சுவரும் தண்ணீர்க் குழாயும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கக் கூடாது.

மேசைக்கு 8-க்கு 4 அடி பிளைவுட் ஒன்று வாங்கினால் அதில் நான்கு அடிக்கு இரண்டு அடியாக நான்கு துண்டு வரும். 18 அல்லது 19 மில்லி கனம் எடுங்கள், 12 மில்லி வளையும். ஒன்று மேசைப் பலகை, ஒன்று மேலே தட்டு, மீதி இரண்டையும் கால் பக்கத்துக்கு ஆசாரியே அழகாகப் பயன்படுத்திக்கொள்வார். இதைவிட எனக்குப் பிடித்தது பழைய கதவு. பழைய வீடு இடிக்கிற இடத்தில் கதவு, நிலை, ஜன்னல் எல்லாம் விற்பார்கள். வேலைப்பாடு இல்லாத தட்டையான மரக்கதவு ஒன்று கிடைத்தால் அதற்குக் கால் மட்டும் அடித்தால் போதும், ஆயுளுக்கும் நிற்கும். என்னுடைய மேசை அப்படி வந்ததுதான். தாழ்ப்பாள் இருந்த ஓட்டையில் இப்போது ஒயர் இறங்குகிறது.

உட்கார்ந்து வேலை செய்ய உயரம் 75 சென்டிமீட்டர். இரும்பு மேசை வேண்டாம், மேலே துத்தநாகத் தகடு அடித்த மேசையும் வேண்டாம். கரண்ட் உள்ள போர்டைத் தெரியாமல் அதன்மேல் வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பலகைக்கு மேலே வெளிர் நிறத்தில் சிலிக்கான் மேட் ஒன்று விரியுங்கள், சூடான அயர்ன் பட்டாலும் தாங்கும், விழுந்த ஸ்குரூவும் கண்ணுக்குத் தெரியும். முன் விளிம்பில் அரை அங்குல உயரத்துக்கு ஒரு மர பீடிங் அடித்தால் ஸ்குரூ உருண்டு தரைக்குப் போகாது. இது யாரும் சொல்லித் தராத சின்ன விஷயம், நான் பல மணி நேரம் தரையில் தேடிய பிறகுதான் அடித்தேன்.

மின்சாரம்: இதை அவசரப்படாமல் செய்யுங்கள்

முன்பு நாங்கள் இருந்த வாடகை வீட்டில் ஒரு பழைய ஆம்ப்ளிஃபயரைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் இரும்புப் பெட்டியில் கை பட்டதும் சுருக்கென்று ஏறியது. ஆம்ப்ளிஃபயரில்தான் கோளாறு என்று இரண்டு நாள் அதையே நோண்டினேன். கடைசியில் சுவர் சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தால், மூன்று ஓட்டையில் மேல் ஓட்டைக்கு ஒயரே இல்லை. சாக்கெட் மூன்று பின், உள்ளே வந்ததோ இரண்டு ஒயர். வீடு கட்டும்போது, கசிகிற கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோகிற எர்த் ஒயர் இழுக்கவே இல்லை. ஆம்ப்ளிஃபயரில் இருந்த சின்னக் கசிவு போக வழியில்லாமல் என் கை வழியாகப் போயிருக்கிறது. அன்று காலில் செருப்பும் இல்லை, அம்மா அப்போதுதான் தரையைத் துடைத்திருந்தார்கள். இப்போது நினைத்தாலும் நெஞ்சு படபடக்கிறது.

எனவே மல்டிமீட்டரைத் தவிர வேறு கருவி எதுவும் வாங்குவதற்கு முன்னால் உங்கள் சாக்கெட்டைச் சோதியுங்கள். மெயின் கரண்டுக்கு எந்த மீட்டர் என்பதைக் கீழே கருவிகள் பகுதியில் முதலில் படித்துவிடுங்கள். நேராக நின்று பார்த்தால் மேலே உள்ள பெரிய ஓட்டை எர்த், வலது பக்கம் கரண்ட் வருகிற பேஸ், இடது பக்கம் அது திரும்பிப் போகிற நியூட்ரல். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் பெரிய ரேஞ்சில் வைத்து மூன்று அளவு எடுங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230-ஐ ஒட்டி வர வேண்டும். பேஸுக்கும் எர்த்துக்கும் கிட்டத்தட்ட அதே அளவு. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஓரிரு வோல்ட். பேஸுக்கும் எர்த்துக்கும் 60, 90, 110 என்று ஏதேதோ காட்டினால் எர்த் அந்தரத்தில் தொங்குகிறது என்று அர்த்தம். நியூட்ரல்–எர்த் அளவு எப்போது பார்த்தாலும், வீட்டில் மோட்டார் ஓடும்போது பார்த்தாலும்கூட, சுத்தமாகப் பூஜ்யமாகவே இருந்தால் சந்தேகப்படுங்கள். சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் யாராவது ஒரு துண்டு ஒயரால் இணைத்து வைத்திருக்கலாம். எர்த் இல்லாததைவிட அது ஆபத்து. ஏனென்றால் நியூட்ரல் எங்காவது விட்டுப்போனால் அந்தச் சாக்கெட்டில் செருகிய எல்லாப் பெட்டிக்கும் பேஸ் ஏறிவிடும்.

இன்னொன்று. மல்டிமீட்டர் சரியாகக் காட்டிவிட்டது என்பதற்காக எர்த் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள். மீட்டர் இழுக்கிற கரண்ட் மிகக் குறைவு, துருப்பிடித்து நூல் மாதிரி ஆன கம்பி வழியாகக்கூட அது 230 காட்டிவிடும். ஒரு எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு எர்த் டெஸ்டர் வைத்து ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள். நம் ஊர் வீடுகளில் உப்பும் அடுப்புக்கரியும் போட்ட எர்த் குழிதான் அதிகம். கோடையில் மண் காய்ந்து இறுகிவிட்டால் அந்தக் குழியின் தடை ஏறிவிடும். பங்குனி தொடங்கி மழை வரும் வரை வாரம் ஒரு குடம் தண்ணீர் அந்தக் குழியில் ஊற்றுங்கள். எங்கள் தாத்தா காலத்தில் இதை வழக்கமாகச் செய்தார்கள், இப்போது குழி எங்கே இருக்கிறதென்றே பல வீட்டில் தெரிவதில்லை, மேலே டைல்ஸ் ஒட்டிவிடுகிறார்கள்.

எர்த் சரியான பிறகு மேசைக்கென்று தனி போர்டு. இதை எலக்ட்ரீசியன்தான் செய்ய வேண்டும், நீங்கள் என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொன்னால் போதும். மெயின் பெட்டியிலிருந்து 2.5 சதுர மில்லி செம்பு ஒயரில் தனி லைன், அதற்குக் கரண்ட் அளவு மீறினால் தானாக விழுகிற 10 ஆம்ப்ஸ் எம்சிபி ஒன்று, 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்சிசிபி ஒன்று, மேசையில் பேஸ் நியூட்ரல் இரண்டையும் ஒன்றாக வெட்டுகிற டிபி சுவிட்ச், அதன் பிறகு ஆறு சாக்கெட். ஆர்சிசிபி என்ன செய்யும் என்றால், பேஸில் போன கரண்ட் நியூட்ரலில் திரும்பி வராமல் எர்த் பக்கம், உங்கள் உடம்பு வழியாகப் போனால்கூட, ஒரு நொடியின் சிறு பகுதியில் லைனை வெட்டிவிடும். ஆனால் ஒரு கையில் பேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்தால் அதற்கு ஒன்றும் தெரியாது, உங்களை ஒரு பல்பு என்றுதான் நினைத்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை அதில் உள்ள டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள்.

அந்த டிபி சுவிட்ச் எங்கே இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். மேசைக்குப் பின்னால் சுவரில் வைத்தால், ஏதாவது ஆனபோது எரிகிற பொருளைத் தாண்டிக் கையை நீட்ட வேண்டியிருக்கும். மேசையின் முன்பக்கம், வலது காலுக்கு மேலே, அறைக்குள் நுழைகிறவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வையுங்கள். வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் அதைக் காட்டுங்கள். “நான் விழுந்து கிடந்தால் முதலில் இதை அணைங்கம்மா, அப்புறம்தான் என்னைத் தொடணும்” என்று நான் அம்மாவிடம் சொல்லி, அவர்கள் கையாலேயே இரண்டு தடவை அணைக்கச் செய்து பார்த்தேன். கேட்பதற்குச் சங்கடமான பேச்சுதான், ஆனாலும் பேசிவிடுங்கள்.

அடுத்தது சீரிஸ் பல்பு. டிவி மெக்கானிக் கடைகளில் பார்த்திருப்பீர்கள், சுவரில் ஒரு குண்டு பல்பு தொங்கும். ஆறு சாக்கெட்டில் ஒன்றை இதற்கு ஒதுக்கி, அதற்குப் போகிற பேஸ் ஒயரை வெட்டி நடுவில் ஒரு ஹோல்டர் போட்டு, அதில் 60 அல்லது 100 வாட் இழை பல்பு மாட்டச் சொல்லுங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது, பழைய குண்டு பல்புதான் வேண்டும். பழுது பார்த்த எந்தப் பொருளையும் முதல்முறை இந்தச் சாக்கெட்டில்தான் செருக வேண்டும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், அவ்வளவுதான், ஃபியூஸ் வெடிக்காது, புதிதாகப் போட்ட மாஸ்ஃபெட் (சுவிட்ச் மாதிரி வேலை செய்கிற டிரான்சிஸ்டர்) புகையாகாது. ஷார்ட் இல்லையென்றால் ஒரு நொடி மின்னிவிட்டு மங்கிவிடும். இத்தனை குறைந்த செலவில் இத்தனை பொருளைக் காப்பாற்றிய சாதனம் என் மேசையில் வேறில்லை. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது, இந்த பல்பு பொருளைத்தான் காக்கும், உங்களைக் காக்காது. பல்பு மங்கலாக இருக்கிறது என்று போர்டில் கை வைத்துவிடாதீர்கள்.

செல்போன் சார்ஜர், செட்-டாப் பாக்ஸ், எல்இடி டிவி என்று இன்றைக்கு எதைத் திறந்தாலும் உள்ளே எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளை இருக்கும். அதில் 230 வோல்ட் நேராக, ஒரு பக்கம் மட்டும் கரண்டை விடுகிற டயோடு வழியாகப் போய் ஒரு பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் டிசியாக நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நிற்கும். திருப்புளியால் அதை ஷார்ட் செய்து டப்பென்று வெடிக்க வைக்கிற பழக்கம் சிலருக்கு உண்டு, அதைப் பழகாதீர்கள். 2.2 கிலோ ஓம், 5 வாட் வெள்ளை செராமிக் ரெசிஸ்டர் ஒன்றின் இரண்டு காலிலும் ஒயர் வைத்து, நன்றாக இன்சுலேஷன் செய்து மேசையில் தொங்கவிடுங்கள். அதைக் கெப்பாசிட்டரின் கால்களில் சில நொடிகள் வைத்து, அப்புறம் மீட்டரால் அளந்து, வோல்ட்டேஜ் இறங்கிவிட்டது என்று கண்ணால் பார்த்த பிறகு தொடுங்கள்.

கரண்ட் இருக்கிற போர்டில் அளக்கும்போது மோதிரம், காப்பு, கழுத்துச் சங்கிலி கழற்றிவிடுங்கள், இடது கையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள், காலில் காய்ந்த ரப்பர் செருப்பு போடுங்கள். வீட்டுக்குள் செருப்பு போடுவதைப் பெரியவர்கள் ஒப்ப மாட்டார்கள் என்றால் மேசைக்குக் கீழே ஒரு ரப்பர் மேட் போட்டு அதற்கென்று ஒரு ஜோடியை அங்கேயே வையுங்கள். உசிலம்பட்டி, சோழவந்தான், மேலூர்ப் பக்கம் கிராமங்களில் இருப்பவர்கள் ஐப்பசி மழைக்காலத்தில் இடி கேட்டதுமே மேசையின் பிளக்குகளைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள், சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. சுவிட்ச் போர்டுக்குள் எறும்பும் பல்லியும் குடியேறும், அதையும் வருடம் ஒருமுறை மெயினை அணைத்துவிட்டுத் திறந்து பாருங்கள்.

வெளிச்சம், காற்று, புகை

ஒரே விளக்கு தலைக்குப் பின்னால் இருந்தால் உங்கள் நிழலே போர்டின்மேல் விழும். மேல் தட்டின் அடியில் நான்கடிக்கு ஒரு எல்இடி டியூப், பக்கத்தில் கழுத்து வளைகிற ஒரு டேபிள் லேம்ப், இரண்டும் இருந்தால் நிழல் செத்துவிடும். ரெசிஸ்டரில் பழுப்புக்கும் சிவப்புக்கும் ஆரஞ்சுக்கும் வித்தியாசம் தெரிய வெள்ளை வெளிச்சம்தான் வேண்டும்.

ஃபேன்தான் நம் ஊரில் பெரிய பிரச்சினை. மின்விசிறி ஓடினால் ஈயப் புகை நேராக முகத்துக்கு வரும், அயர்ன் முனையும் ஆறிவிடும். அணைத்தால் ஐந்து நிமிடத்தில் வியர்வை போர்டில் சொட்டும். நான் கண்டுபிடித்த வழி இது: பழைய கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த 12 வோல்ட் விசிறி ஒன்றை ஜன்னல் பக்கம் பார்த்தபடி, வேலை செய்கிற இடத்துக்கு ஒரு சாண் தள்ளி நிறுத்தினேன். அது புகையை என்னிடமிருந்து இழுத்து வெளியே தள்ளும். சீலிங் ஃபேனை மிகக் குறைந்த வேகத்தில் வைத்துக்கொள்ளலாம். அந்தப் புகை ஈயம் இல்லை, ஈயம் அந்தச் சூட்டில் ஆவியாகாது. கம்பிக்குள் இருக்கிற பைன் மரப் பிசின்தான் புகைகிறது, ஆனால் அதுவும் தினமும் சுவாசித்தால் ஆஸ்துமாவைக் கொண்டுவரலாம். ஈயம் கையில் ஒட்டித்தான் உள்ளே போகும். மேசையில் முறுக்கு, காப்பி எதுவும் வேண்டாம், எழுந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள், சின்னக் குழந்தைகள் இருக்கிற வீட்டில் ஈயத் துளிகளைத் தினமும் துடைத்து எடுங்கள்.

இனி கருவிகள்

மதுரையில் டவுன் ஹால் ரோடு, மேல மாசி வீதிப் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றினால் தொடக்கத்துக்கு வேண்டியது பெரும்பாலும் கிடைத்துவிடும், இங்கே இல்லாத ஐசி சிப்புக்குத்தான் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டோ ஆன்லைனோ. கடைக்கு நேரில் போவதையே நான் சொல்வேன். கூட்டம் இல்லாத முற்பகலில் போய், “அண்ணே, எட்டாம் வகுப்புப் பையனுக்கு மாதிரி சொல்லுங்க” என்று கேட்டால் பொறுமையாக எடுத்துக் காட்டுகிற கடைக்காரர்கள் அங்கே உண்டு. எந்தப் பொருள் திரும்பித் திரும்பி ரிப்பேருக்கு வருகிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

முதலில் மல்டிமீட்டர். மஞ்சள் நிறத்தில் விற்கிற மிக மலிவான மீட்டர் பேட்டரி, ரெசிஸ்டர் அளக்கப் போதும், மெயின் கரண்டுக்கு அதை நம்பாதீர்கள். 230 வோல்ட்டில் கை வைக்கப் போகிறீர்கள் என்றால் கேட்-3 (CAT III என்ற பாதுகாப்பு வகை), 600 வோல்ட் என்று போட்ட, நம்பகமான கம்பெனி மீட்டர் ஒன்று வாங்குங்கள். சிக்கனம் பார்க்கக் கூடாத பொருள் இது ஒன்றுதான். இணைப்பு அறுபடாமல் இருக்கிறதா என்று பார்க்கிற கன்டினியூட்டிக்குப் பீப் சத்தம் உடனே வருகிறதா, புரோப் ஒயர் மிருதுவாக இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். புது பென்டார்ச் செல்லை அளந்தால் 1.5-க்கு மேல் 1.6 வரை காட்ட வேண்டும். ஒரு பழக்கத்தை மட்டும் முதல் நாளிலிருந்தே பிடியுங்கள்: ஆம்ப்ஸ் அளந்து முடித்ததும் சிவப்புப் புரோப்பைப் பிடுங்கி வோல்ட் ஓட்டைக்கு மாற்றிவிட வேண்டும். 10 ஆம்ப்ஸ் ஓட்டையில் புரோப்பை விட்டுவிட்டு மறுநாள் மெயின் வோல்ட்டேஜ் அளக்கப் போனால், மீட்டர் அந்த இரண்டு ஒயருக்கும் நடுவே வெறும் கம்பி மாதிரிதான். எனக்கு அது நடந்திருக்கிறது. புரோப் முனை உருகி, எம்சிபி விழுந்து, கண் முன்னால் ரொம்ப நேரம் வெள்ளையாகவே தெரிந்தது.

சால்டரிங் அயர்ன். 25 வாட் சோல்ட்ரான் வகையில் நம் நாட்டு மெக்கானிக்குகள் பல பேர் கை பழகியிருக்கிறார்கள், சாதாரண போர்டுக்கு அது போதும். கையில் கொஞ்சம் காசு இருந்தால் வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கிற 936 வகை ஸ்டேஷன் எடுங்கள், அதில் அயர்னுக்குப் போவது 24 வோல்ட்தான், முனையும் எர்த்தில் இருக்கும், மாஸ்ஃபெட், ஐசி எல்லாம் பயமில்லாமல் தொடலாம். பென்சில் மாதிரி கூரான பிட் (அயர்ன் முனை) அழகாகத் தெரியும், ஆனால் புதியவர்களுக்கு உளி மாதிரி தட்டையான 2.4 மில்லி பிட்தான் எளிது, சூடு வேகமாக இறங்கும். வெறும் செம்பு பிட்டை அரத்தால் ராவி மறுபடி ஈயம் பூசலாம். இரும்புப் பூச்சு உள்ள பிட்டை ஒருபோதும் ராவாதீர்கள், பூச்சு போனால் பிட் போயிற்று. பித்தளைச் சுருளில் துடைத்து, அணைக்கும் முன் முனையில் கொஞ்சம் ஈயம் விட்டு வையுங்கள்.

ஈயக் கம்பி 60/40 அல்லது 63/37 (வெள்ளீயமும் ஈயமும் கலந்த விகிதம்), 22 கேஜ். 63/37 சரியாக 183 டிகிரியில் உருகி அதே இடத்தில் உறையும், நடுவே களிமண் மாதிரி இருக்கும் நிலை அதற்குக் கிடையாது, அதனால் கை நடுங்குகிற புதியவர்களுக்கு அதுவே நல்லது. அயர்னை 320-லிருந்து 350 டிகிரிக்குள் வையுங்கள். பலரும் செய்கிற தவறு, அயர்ன் முனையில் ஈயத்தை எடுத்துக்கொண்டு போய்ப் போர்டில் தடவுவது. அப்படிச் செய்தால் ஃப்ளக்ஸ் வழியிலேயே எரிந்துவிடும், ஈயம் வியர்வைத் துளி மாதிரி மேலே உட்காரும், ஒட்டாது. முனையை ஒரே நேரத்தில் உதிரியின் காலிலும் போர்டின் செம்பு வட்டத்திலும் வைத்து, இரண்டு நொடி எண்ணி, எதிர்ப்பக்கத்திலிருந்து கம்பியை மூட்டில் தொடுங்கள். ஈயம் தானாக ஓடிப் பரவும். முதலில் கம்பியை எடுங்கள், பிறகு அயர்னை. ஆறும் வரை ஊதாதீர்கள், அசைக்காதீர்கள். சரியாக வந்தால் ஓரம் சரிந்து எரிமலை மாதிரி பளபளப்பாக இருக்கும். உருண்டையாக, மங்கலாக இருந்தால் மறுபடி சூடாக்குங்கள். பழைய செட்-டாப் பாக்ஸ் போர்டு ஒன்றை எடைக்கடையில் வாங்கி, அதில் நூறு மூட்டைக் கழற்றி நூறு மூட்டை வையுங்கள். அதற்கு மேல் யாரும் சொல்லித் தர வேண்டியிருக்காது.

கழற்றுவதற்கு ஈயத்தை உறிஞ்சும் பம்ப் ஒன்று, செம்பு வலை ஒன்று. கைக்கருவிகளில் நல்ல கட்டர், நோஸ் பிளையர், ட்வீசர், செல்போன் திருப்புளி செட். வீட்டுச் சமையலறைக் குறடையும் பெரிய திருப்புளியையும் கொண்டுவராதீர்கள், ஸ்குரூ தலை நசுங்கிப் போகும்.

பவர் சப்ளைக்கு 30 வோல்ட், 5 ஆம்ப்ஸ், கரண்ட் லிமிட் வைக்க முடிகிற பெட்டி சிறந்தது. அது வாங்கும் வரை பழைய கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ் உதவும். அதன் 24 பின் கனெக்டரில் பச்சை ஒயரைக் கறுப்பு ஒயரோடு சேர்த்தால் ஓடத் தொடங்கும், மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5, ஆரஞ்சு 3.3. பெட்டியைத் திறக்காதீர்கள். அதோடு ஒவ்வொரு வெளியீட்டிலும் 2 ஆம்ப்ஸ் ஃபியூஸ் போடாமல் பயன்படுத்தாதீர்கள், ஏனென்றால் அந்த எஸ்எம்பிஎஸ் பத்து இருபது ஆம்ப்ஸ் தரக்கூடியது, ஷார்ட் ஆனால் அது சுதாரித்து நிற்பதற்குள் மெல்லிய ஒயர் சிவந்து எரிந்துவிடும். சில கடைகளில் டிம்மர்ஸ்டாட் கிடைக்கும், வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைக்கலாம். அது மெயினிலிருந்து உங்களைப் பிரிக்காது, அதற்கு ஒன்றுக்கு ஒன்று ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அந்த டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால் ஆர்சிசிபி வேலை செய்யாது என்பதையும் தெரிந்துகொண்டே வாங்குங்கள்.

உதிரிகளில் கால் வாட் ரெசிஸ்டர் கலவை, 1 மைக்ரோஃபாரடிலிருந்து 1000 வரை கெப்பாசிட்டர், 1என்4007, 1என்4148 டயோடு, பிசி547, பிசி557 டிரான்சிஸ்டர், 7805, எல்எம்317 வோல்ட்டேஜ் ரெகுலேட்டர், 555 டைமர் ஐசி, கொஞ்சம் எல்இடி. மாத்திரை டப்பா, ஹோமியோபதி பாட்டில், தீப்பெட்டி எதில் வேண்டுமானாலும் வையுங்கள், பெயர் மட்டும் எழுதி ஒட்டுங்கள். ஏசி போட்ட அறையில் பாலியஸ்டர் சட்டையோடு வேலை செய்கிறவர்களுக்கு, உடம்பில் சேரும் ஸ்டேடிக் மின்சாரத்தை எர்த்துக்கு இறக்குகிற மணிக்கட்டு ஸ்ட்ராப் உதவும், அதற்குள் 1 மெகா ஓம் இருக்கும். மெயின் கரண்ட் உள்ள போர்டைத் தொடும்போது அதைக் கழற்றிவிட வேண்டும். ஆயுத பூஜை அன்று மேசைக்கும் பூஜை உண்டு, மறக்காதீர்கள். சந்தனத்தையும் குங்குமத்தையும் மீட்டரின் உடம்பில் வையுங்கள், ஓட்டைகளிலும் சாக்கெட்டிலும் ஈரம் இறங்க வேண்டாம்.

மைக்ரோவேவ் அடுப்பை இப்போதைக்குத் திறக்காதீர்கள். அதன் கெப்பாசிட்டர் 2000 வோல்ட்டுக்கு மேல் ஏறும், அனுபவப்பட்டவர்களையே கொன்றிருக்கிறது. பழைய குண்டு டிவியும் வேண்டாம். உப்பிய லித்தியம் பேட்டரியைக் குத்தாதீர்கள், மேசைக்குக் கீழே ஒரு வாளி மணல் வையுங்கள்.

முதல் வேலை

ஈயம் வைக்காமல் செருகி இணைக்கிற பிரெட்போர்டில் ஒரு 555, எல்இடியைச் சிமிட்ட வைக்க. பின் 8-ம் 4-ம் 9 வோல்ட் பிளஸ்ஸுக்கு, பின் 1 மைனஸுக்கு. பிளஸ்ஸிலிருந்து பின் 7-க்கு 1 கிலோ ஓம், 7-லிருந்து 6-க்கு 68 கிலோ ஓம், 6-ஐயும் 2-ஐயும் சேர்த்து அங்கிருந்து மைனஸுக்கு 10 மைக்ரோ கெப்பாசிட்டர், அதன் கோடு போட்ட கால் மைனஸ் பக்கம். பின் 3-லிருந்து 470 ஓம் வழியாக எல்இடி, அதன் மறு கால் மைனஸுக்கு. நொடிக்கு ஒருமுறை சிமிட்ட வேண்டும். பேட்டரியில் ஓடுவது, பயம் ஒன்றுமில்லை. சிமிட்டினால் அதையே ஓட்டை போட்ட டாட் போர்டில் ஈயம் வைத்துச் செய்யுங்கள்.

சிமிட்டாமல் எரிந்துகொண்டே நின்றால் 2-க்கும் 6-க்கும் நடுவே இணைப்பு இருக்கிறதா பாருங்கள். எரியவே இல்லையென்றால் எல்இடி திரும்பியிருக்கும், இல்லாவிட்டால் பின் 4 அந்தரத்தில் நிற்கும். பின் பின்னாக மீட்டரில் வோல்ட்டேஜ் அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். ராத்திரி நேரமாகிவிட்டால் எதையும் கலைக்க வேண்டாம், டிபி சுவிட்சை அணைத்துவிட்டுப் படுக்கப் போங்கள், காலையில் விட்ட பின்னிலிருந்து அளக்கலாம்.